ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்

மனுவில் நான் புகார்தாரர்.
டாக்டர் எதிர்தரப்பினர்.
பல்லுக்குப் பெயர் இல்லை, எண் உண்டு:
முப்பத்தெட்டு. இடது கீழ்த்தாடை, கடைசி.

படம் எடுக்கவில்லை. மெஷின் பழுது என்றார்.
வேர் எந்த நரம்போடு படுத்திருக்கிறது என்று பாராமல்
நாற்பது நிமிடம் நோண்டினார்.
வெளியே வரும்போது தோளைத் தட்டி,
"மரப்பு மூன்றாம் நாள் போய்விடும், அம்மா."

மூன்றாம் நாள்
தங்கச்சிமடம் கரையில் நண்டு கூறினேன்.
ஐநூறு, ஐநூற்றைம்பது, அறுநூறு
என்று ஓடிவந்த வாய் அங்கே இடறியது.
அடுத்த எண்ணுக்கு நாக்கை மடக்க வேண்டும்,
அண்ணத்தைத் தொடப் போய்
தொடாமல் திரும்ப வேண்டும்.
என் பாதி நாக்குக்கு அண்ணம் எங்கே என்று தெரியவில்லை.
என்ன சொன்னேனோ,
"அறுநூறு, எனக்கு" என்று கூடையை இழுத்தார்
கம்பெனிக்கு எடுக்கும் ராயப்பன்.
நான் கையை ஆட்டினேன்.
"எனக்குக் கேக்கலையே, மெட்டில்டா."

அன்றிலிருந்து எந்த நண்டும் அறுநூறைத் தாண்டவில்லை.
ஒரு மாதம் பொறுத்தார் போட்டுக்காரர் கிளாட்வின்.
பிறகு வடத்தைச் சுற்றிக்கொண்டே,
"இனிமே தம்பி கூறட்டும் அக்கா."

சேதத்தை எழுதச் சொன்னார் வக்கீல் மர்ஜான்.
டீ நாடியில் வழிவது
எனக்குத்தான் கடைசியாகத் தெரியும் என்றேன்.
உதட்டில் ஒட்டிய செதிலோடு
வங்கிக்குப் போனேன், ரேஷனுக்குப் போனேன்,
ஒருவரும் சொல்லவில்லை.
குழம்பில் வலப்பக்கம் உப்பு சரி,
இடப்பக்கம் போடவே இல்லை.
கச்சான் அடித்தால் நாடியின் நடுவரை வந்து
நின்றுவிடுகிறது.
இன்னொன்று சொல்ல வாயெடுத்தேன்.
மர்ஜான் பேனாவை மூடிவிட்டு
ஜன்னலைப் பார்த்தார்.

"எவ்வளவு கேட்கலாம்?"
விட்ட நூறுகளை நோட்டில் கூட்டி வைத்திருந்தேன்.
காட்டினேன்.
"கூண்டில் நின்று சொல்ல வேண்டி வரும்,
ஆறு என்று போடுவோமா? எட்டு?"
மாட்டேன் என்றேன்.
ஏலம் கூறுகிறவள்
வராத விலையைக் கூறக் கூடாது,
வந்த விலையை விழுங்கவும் கூடாது.

ராமநாதபுரத்தில் ஆணையத்தின் மின்விசிறி
காகிதத்துக்கு மட்டும் காற்று வீசியது.
எதிர்வக்கீல் எழுந்தார்.
"உங்க பக்கம் எல்லாருமே ஏளுன்னுதானே சொல்லுவாங்க?
வாளப்பளம்னுதானே?
இல்லாத எழுத்தை என் கட்சிக்காரர்
எப்படி எடுத்திருக்க முடியும்?"
அறை சிரித்தது. தட்டச்சுப் பெண்ணும்.

ஐயா, பதினெட்டு வருஷம்
ஈஸ்டர் இரவில் வாசகம் வாசித்தவள் நான்.
உயிர்த்தெழுந்தார் என்ற சொல்லின் நடுவில்
ஒரு ழகரம் படுத்திருக்கிறது.
அதை எழுப்பாவிட்டால்
அவர் உயிர்த்தார், அவ்வளவுதான்,
கல்லறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்.
இந்த வருடம் அந்தத் தாளைச் சாமியார்
வேறொருத்தியிடம் கொடுத்தார்.
மரியாதையாகத்தான் கொடுத்தார்.

இதையெல்லாம் நினைத்தேன்.
சொல்லவில்லை.
சொன்னால் பாதி சொற்கள்
அவர் பக்கம் சாட்சி சொல்லும்.

தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"எவ்வளவு இழப்பீடு கோருகிறீர்கள்?
மனுவில் இருக்கிறது, இருந்தாலும் வாயால் சொல்லுங்கள்."
சொன்னேன்.
"ஆறு லட்சமா?"
மறுபடி சொன்னேன்.
"எட்டா?"
தட்டச்சுப் பெண்ணின் விரல்கள்
எழுத்துகளுக்கு மேல் நின்றன, இறங்காமல்.
இப்போது அவள் சிரிக்கவில்லை.
மர்ஜான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்,
என்னிடம் இருந்த ஒரே ஆவணத்தைப் பார்ப்பதுபோல.

எதிர்வக்கீல் அவகாசம் கேட்டார்.
வாய் தா என்று போனவளுக்கு
வாய்தா கொடுத்தார்கள்.

பஸ் பாம்பன் பாலம் ஏறும்போது வீட்டுக்காரர் போன்.
இரைச்சலில் கத்தினார்,
"அடுத்து என்னைக்கு?"
கீழே கடல் இரண்டு பக்கமும் இருந்தது.
ஒருமுறை நாக்கை மடக்கிப் பார்த்தேன்.

"பதினாறுக்கு மறுநாள்" என்றேன்.